அணி பிறப்பது கையெழுத்தில்



இரவு பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் கல்லூரிக்கும் வேலைக்கும் ஓடுகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆட்டத்தின் நுணுக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மைதானத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். தொண்ணூறு நிமிடம் நாம் பார்க்கும் அந்தப் பதினோரு பேர் ஒரே சட்டை போட்டு ஒரே புல்தரையில் வந்து நிற்கிறார்களே, அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது?

பணம் என்பார் சிலர். இன்னாரை இத்தனை கோடிக்கு வாங்கினார்கள், அதனால் வென்றார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அகாடமி என்பார் வேறு சிலர். எட்டு வயதில் எடுத்து வளர்த்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் கோப்பையைத் தூக்கினார்கள் என்று கண் கலங்கச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதம் இருக்கிறது. அதை யாரும் பாடுவதில்லை, யாரும் கொண்டாடுவதில்லை. அந்தக் காகிதத்தின் பெயர் ஒப்பந்தம். வாங்கிய வீரரைக் கழகத்தில் நிறுத்துவது அந்தக் காகிதம். வளர்த்த பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதும் அதே காகிதம். அது என்றைக்கு முடிகிறது, எத்தனை சம்பளம் சொல்கிறது, எந்த வயதில் கையெழுத்தானது: ஓர் அணியின் தலையெழுத்து இந்த மூன்று கேள்விகளில் இருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

பெல்ஜியத்தில் இருந்து தொடங்குகிறேன். ஆண்டு 1990. லியேஜ் என்ற நகரத்துக் கழகத்தில் ஜான் மார்க் போஸ்மன் என்ற ஒரு வீரர். உலகம் அறிந்த நட்சத்திரம் இல்லை. உழைத்து ஆடும் நடுக்கள வீரர். அந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கழகம் புதிய ஒப்பந்தம் நீட்டியது. மாதம் 1,20,000 பெல்ஜிய ஃபிராங்க் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 30,000 தருகிறோம் என்றது. நான்கில் ஒரு பங்கு! போஸ்மன் மறுத்தார். எல்லைக்கு அப்பால் பிரான்சில் டன்கர்க் கழகம் அவரை ஏற்கத் தயாராக இருந்தது. போகலாம் அல்லவா? ஒப்பந்தம்தான் முடிந்துவிட்டதே?

போக முடியவில்லை. அன்றைய விதிப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் பழைய கழகத்தின் பிடியிலேயே இருந்தார். புதிய கழகம் பணம் கட்டினால்தான் விடுதலை. பணம் வராதோ என்று லியேஜ் சந்தேகப்பட்டது, இடமாற்றம் நின்றது, போஸ்மன் தெருவில் நின்றார். எண்ணிப் பாருங்கள். ஓர் ஆசிரியர் ஒரு பள்ளியில் வேலை முடித்துக் கிளம்புகிறார். அடுத்த பள்ளி பணம் கட்டினால்தான் அனுப்புவோம் என்று பழைய பள்ளி சொன்னால் நாம் ஏற்போமா? மற்றத் தொழில்களில் செல்லாத விதி கால்பந்தில் செல்லுபடியானது.

அவர் நீதிமன்றம் போனார். ஐந்து ஆண்டுகள் போராடினார். 1995 டிசம்பர் 15 அன்று லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பணம் இல்லாமல் எந்தக் கழகத்துக்கும் போகலாம் என்றது. ஒன்றியத்து நாடுகளின் வீரர்களை வெளிநாட்டவர் என்று எண்ணி வரம்பு கட்டக் கூடாது என்றும் சொன்னது. அதுவரை ஐரோப்பியப் போட்டிகளில் மூன்று வெளிநாட்டவர், அவர்களோடு அந்த நாட்டிலேயே நெடுங்காலம் ஆடிய இன்னும் இருவர், அவ்வளவுதான் அனுமதி. ஒரே நாளில் அந்தச் சுவர் விழுந்தது.

இந்தத் தீர்ப்பு நியாயமானது என்று நான் முழு மனத்தோடு சொல்கிறேன். இன்று கோடிகளில் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு வீரரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர். போஸ்மனுக்கு என்ன கிடைத்தது? வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே அவருடைய ஆட்ட வாழ்வு கரைந்துபோனது. பின்னாளில் மன அழுத்தத்திலும் குடியிலும் தவித்தார். கதவைத் திறந்தவர் அதன் வழியே உள்ளே போகவில்லை.

தீர்ப்பின் முதல் அடி எங்கே விழுந்தது? அகாடமிகளிலேயே தலைசிறந்தது என்று உலகம் கொண்டாடிய ஆயாக்ஸ் ஆம்ஸ்டர்டாமின் மேல் விழுந்தது.

1995 மே 24. வியன்னா. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். எதிரில் ஏசி மிலான், முந்தைய ஆண்டின் சாம்பியன். ஆயாக்ஸ் பக்கம் யார்? லூயி வான் ஹால் பயிற்சியாளர். செடார்ஃப், டாவிட்ஸ், ரைசிகர், டி போர் இரட்டைச் சகோதரர்கள் எல்லோரும் கழகத்தின் இளையோர் அணிகள் வழியாக வந்தவர்கள். பின்லாந்தில் இருந்து லிட்மானென், நைஜீரியாவில் இருந்து ஃபினிடி ஜார்ஜும் கானுவும் இளமையிலேயே வந்து சேர்ந்தவர்கள். நடுவில் 32 வயது ஃபிராங்க் ரைகார்ட். அவரும் ஆயாக்ஸின் வளர்ப்புதான். வெளியே போய், அதே மிலானுக்காக ஐரோப்பியக் கோப்பைகளை வென்று, கடைசிக் காலத்தில் வீடு திரும்பியவர். அந்தப் பருவம் முழுவதும் உள்நாட்டு லீகிலும் சாம்பியன்ஸ் லீகிலும் ஓர் ஆட்டத்தில்கூட ஆயாக்ஸ் தோற்கவில்லை. 85-ஆவது நிமிடம். ரைகார்ட் பந்தைக் கொடுக்கிறார். மாற்று ஆட்டக்காரராக வந்த 18 வயதுப் பையன் பேட்ரிக் க்ளைவர்ட் கால் நுனியால் அதை வலைக்குள் தள்ளுகிறான். ஒன்றுக்குப் பூஜ்யம். ஐரோப்பா ஆயாக்ஸின் காலடியில்.

இப்படி ஓர் அணி எத்தனை ஆண்டுகள் ஆட்சி செய்திருக்க வேண்டும்! ஐந்து ஆண்டுகள்? பத்து ஆண்டுகள்?

அடுத்த ஆண்டு ரோமில் மீண்டும் இறுதிக்கு வந்தார்கள். பெனால்ட்டியில் யுவென்டஸிடம் தோற்றார்கள். அதற்குள் போஸ்மன் தீர்ப்பு வந்துவிட்டது. 1996-இல் டாவிட்ஸும் ரைசிகரும் ஒப்பந்தம் முடிந்து மிலானுக்குப் போனார்கள். 1997-இல் க்ளைவர்ட் போனார், பொகார்டே போனார். நால்வருக்கும் மிலான் ஆயாக்ஸுக்குக் கட்டிய தொகை? ஒன்றுமில்லை. வியன்னாவில் மைதானத்தில் வீழ்ந்த மிலான், வீழ்த்திய அணியின் வீரர்களைக் காசு கொடுக்காமல் கூட்டிக்கொண்டு போனது. இதைவிடக் கசப்பானது அடுத்து நடந்தது. நால்வரில் ஒருவரும் மிலானில் நிலைக்கவில்லை. டாவிட்ஸை யுவென்டஸுக்கும், மற்ற மூவரைப் பார்சிலோனாவுக்கும் மிலான் விற்றது. விலைக்கு விற்றது! ஆயாக்ஸ் செய்த வேலைக்கான கூலி, குறுகிய காலமே வைத்திருந்தவர் பைக்குள் போனது.

இதில் வீரர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் சட்டப்படி நடந்தார்கள். கெட்டது எங்கே? முடியப்போகும் காகிதங்களைக் கழகம் காலத்தில் புதுப்பிக்கவில்லை. நேற்று வரை அதற்கு அவசியம் இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் நம்முடையவர்தான் என்ற பழைய உலகம் ஒரே தீர்ப்பில் செத்துப்போனதைக் கழகங்கள் உணர்வதற்குள் அணி கலைந்துவிட்டது. 1997-க்குப் பிறகு ஆயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை மீண்டும் பார்த்தது 2019-இல். இருபத்திரண்டு ஆண்டுகள்! அந்த 2019 அணியும் கலைந்தது. ஆனால் கலைந்த விதம் வேறு. டி யோங் பார்சிலோனாவுக்கு 7.5 கோடி யூரோ. 19 வயதிலேயே தலைவனாக இருந்த டி லிக்ட் யுவென்டஸுக்கு 7.5 கோடி யூரோ. இருவர் காகிதத்திலும் ஆண்டுகள் மிச்சம் இருந்தபோதே விற்றார்கள்.

ஒரே மனிதர் கதையில் இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறேன், கேளுங்கள். போல் போக்பா. 2009-இல் 16 வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமிக்கு வந்தார். 2012-இல் ஒப்பந்தம் முடிந்து யுவென்டஸுக்குப் போனார். யுனைடெட்டுக்குக் கிடைத்தது பயிற்சிக்கான ஈட்டுத்தொகை என்ற சில்லறைப் பணம். 2016-இல் அதே பையனை அதே கழகம் திரும்ப வாங்கியது. விலை 8.93 கோடி பவுண்ட், அன்றைக்கு உலக சாதனை. சரி, பாடம் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? 2022-இல் அந்த ஒப்பந்தமும் முடிந்தது. போக்பா மீண்டும் இலவசமாகப் போனார், மீண்டும் யுவென்டஸுக்கே போனார். ஒரே வீரரை, ஒரே கழகம், ஒரே கழகத்துக்கு, இரண்டு முறை காகிதம் காலாவதியானதால் இழந்தது. உலகத்தின் மிகப் பணக்காரக் கழகங்களில் ஒன்றுக்கு நேர்ந்த கதி இது.

லிவர்பூலுக்கும் நேர்ந்தது. ட்ரென்ட் அலெக்சாண்டர் அர்னால்ட் ஆறு வயதில் அந்த அகாடமியில் சேர்ந்தவர், அந்த ஊர்ப் பிள்ளை. 2025 கோடையில் அவர், சலா, வான் டைக் ஆகிய மூவர் ஒப்பந்தமும் ஒன்றாக முடிய இருந்தது. முப்பதைத் தாண்டிய இருவரும் ஏப்ரலில் புதுப்பித்தார்கள். ஊர்ப்பிள்ளை ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். மே மாதம் சொந்த மைதானத்தில் அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூச்சல் தவறான ஆளைப் பார்த்து எழுந்தது. கடைசி ஆண்டு வரை மூன்று பெரும் காகிதங்களை மேசை மேல் கிடக்கவிட்டது யார்?

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எளிய கணக்குதான். ஆனால் இது புரிந்தால்தான் இன்றைய இங்கிலாந்துக் கால்பந்து புரியும்.

ஒருவர் லாரி வாங்குகிறார். முழு விலையையும் முதல் வருடச் செலவாக எழுத மாட்டார். ஓடும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுவார். வீரரின் விலையையும் கழகங்கள் அப்படித்தான் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுகின்றன. 2023 ஜனவரி கடைசியில் செல்சி என்சோ ஃபெர்னாண்டசை 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.14 கோடி செலவு எழுத வேண்டும். செல்சி போட்டது எட்டரை ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுச் செலவு சுமார் 1.26 கோடியாகச் சுருங்கியது. அதே மாதம் முட்ரிக்குக்கும் எட்டரை ஆண்டு. நட்டத்துக்கு வரம்பு கட்டும் விதிகளுக்குள் இருந்துகொண்டே மேலும் மேலும் வாங்க இது வழி. இதைக் கண்டு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2023 கோடையிலிருந்து, ஒப்பந்தம் எத்தனை நீளமானாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் பங்கிடக் கூடாது என்று விதித்தது. ஆண்டு முடிவதற்குள் பிரீமியர் லீக் கழகங்களும் அதையே ஏற்றன.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் என் நெஞ்சைச் சுடுகிறது. வாங்கிய வீரரை விற்றால், எழுதி முடிக்காத விலையைக் கழித்துவிட்டு மீதிதான் லாபம். அகாடமிப் பிள்ளைக்கு வாங்கிய விலையே கிடையாது. ஆகவே விற்ற தொகை முழுவதும் லாபம்! கணக்குப் புத்தகத்தின் கண்ணுக்கு, விற்பதற்கு மிகச் சிறந்த சரக்கு யார்? சொந்தப் பிள்ளை. மேசன் மவுன்ட் ஆறு வயதிலிருந்து செல்சியில் இருந்தவர். 2021-இல் போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில், ஒரே கோலுக்குப் பந்தை அனுப்பியவர். 2023-இல் ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு மிச்சமிருக்க மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அடுத்த ஆண்டு கானர் கேலகர் அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு. அவருக்கும் ஓர் ஆண்டு மிச்சம். மான்செஸ்டர் சிட்டி தன் வளர்ப்பான கோல் பால்மரைச் செல்சிக்கு விற்றதும் அதே 2023-இல்தான்.

கழகங்கள் அழிந்துபோகாமல் காக்கத்தான் நட்ட வரம்பு வந்தது. நல்ல நோக்கம். ஆனால் ஊர்ச் சிறுவனை வளர்த்து ஊர் அணியில் ஆட வைக்கும் கழகத்துக்குப் பரிசு தராமல், அவனை விற்கும் கழகத்துக்குப் பரிசு தருகிற விதி எப்படி நல்ல விதியாகும்? இதை எழுதியவர்கள் திருத்த வேண்டும். அகாடமி வீரர் முதல் அணியில் ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கழகத்துக்குக் கணக்கில் சலுகை கிடைக்கும்படி மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

சிறிய கழகங்களுக்கு மட்டும் ஒரு நல்ல விதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தக் காலத்தில் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், விலையில் 5 விழுக்காடு, அவர் 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி பெற்ற கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஏதோ ஒரு சிற்றூர்க் கழகம் ஒரு பையனுக்கு இரண்டு ஆண்டு பந்து கொடுத்திருந்தால், அவன் பிற்காலத்தில் கோடிகளுக்குப் போகும்போது அதன் பங்கு வரும். இங்கும் காகிதம்தான் பேசுகிறது. விலை இருந்தால்தான் விழுக்காடு. ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனால் பூஜ்யத்தில் ஐந்து விழுக்காடு பூஜ்யம்.

வாங்குவது, வளர்ப்பது, கையெழுத்து வாங்குவது மூன்றும் ஒரே கழகத்தில் உச்சமும் பாதாளமும் கண்ட கதைக்கு வருகிறேன். நீங்கள் காத்திருந்த பெயர்தான். பார்சிலோனா.

2012 நவம்பர் 25. லெவான்டே மைதானம். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் டானி ஆல்வெஸ் காயத்தால் வெளியேற, மொன்டோயா உள்ளே வருகிறார். அந்த நொடியில் மைதானத்தில் இருந்த பதினோரு பேரும் லா மாசியா என்னும் பார்சிலோனா அகாடமியில் வளர்ந்தவர்கள். வால்டெஸ், மொன்டோயா, பிக்கே, புயோல், ஆல்பா, புஸ்கெட்ஸ், ஷாவி, ஃபாப்ரெகாஸ், இனியஸ்தா, மெஸ்ஸி, பெட்ரோ. நான்குக்குப் பூஜ்யம் என வென்றார்கள். அகாடமியின் வெற்றிக்கு இதைவிட அழகிய படம் இல்லை என்று உலகமே எழுதியது.

நானும் அந்தப் படத்தை வணங்குகிறேன். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஃபாப்ரெகாஸ் 16 வயதில் ஆர்சனலுக்குப் போனவர். பிக்கே 17 வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனவர். ஆல்பா சிறுவயதிலேயே கழகத்தை விட்டு வெளியேறியவர். பிக்கேயை 50 லட்சம் யூரோ, ஆல்பாவை 1.4 கோடி, ஃபாப்ரெகாஸை 2.9 கோடியும் அதற்கு மேலும் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அகாடமியின் பெருமைப் படத்தில்கூட மூன்று பேர் சந்தைக்குப் போய் மீண்டவர்கள்! வளர்த்தால் மட்டும் போதாது, வளர்ந்த பிள்ளை கையெழுத்திடும் வயதில் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் தவறு இன்றும் தீரவில்லை. டானி ஓல்மோ 16 வயதில் குரோவேஷியாவின் டினாமோ சாக்ரெப்புக்குப் போனார். 2024-இல் சுமார் 5.5 கோடி யூரோ கொடுத்து லைப்சிக்கில் இருந்து அவரை மீட்டார்கள்.

இனி சறுக்கல். 2017 ஆகஸ்ட். ஸ்பெயினில் வீரர் ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை எழுதுவது வழக்கம். அந்தத் தொகையைக் கட்டினால் யாரும் தடுக்க முடியாது. பார்சிலோனாவில் ஆடிய நெய்மாரின் காகிதத்தில் 22.2 கோடி யூரோ என்று இருந்தது. இவ்வளவு பெரிய தொகையை யார் கட்டப்போகிறார்கள் என்று இருந்தார்கள். பாரிஸ் கழகம் கட்டியது. உலகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது: பார்சிலோனாவின் கையில் 22 கோடி இருக்கிறது, நெஞ்சில் பதற்றம் இருக்கிறது. விற்பவருக்கு வேறென்ன வேண்டும்? டெம்பெலே 10.5 கோடி, மேலும் ஊக்கத் தொகைகள். சில மாதத்தில் கூட்டின்யோ 12 கோடி, மேலும் ஊக்கத் தொகைகள். 2019-இல் கிரீஸ்மான் 12 கோடி. டெம்பெலே வந்த ஒரு மாதத்திலேயே தொடைத்தசை கிழிந்து படுத்தார். கூட்டின்யோ அணியில் பொருந்தவில்லை. அவரைப் பயர்ன் மியூனிக் கழகத்துக்குக் கடனாக அனுப்பினார்கள். 2020 ஆகஸ்ட் 14, லிஸ்பனில் பயர்ன் பார்சிலோனாவை எட்டுக்கு இரண்டு என்று நொறுக்கியது. அதில் கடைசி இரண்டு கோல்கள் யாருடையவை? கூட்டின்யோவுடையவை. பார்சிலோனாவின் சொந்த வீரர் பார்சிலோனாவின் வலைக்குள் இரண்டு கோல் போட்டார்!

எல்லோரும் இந்த வாங்கல்களைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நான் இன்னும் ஒரு படி உள்ளே போகச் சொல்கிறேன். விலை ஒரு முறை வலிக்கும். சம்பளம் ஒவ்வொரு மாதமும் வலிக்கும். அந்த ஆண்டுகளில் வயதேறிய வெற்றி வீரர்களுக்கு நீண்ட ஒப்பந்தங்களை உயர்ந்த சம்பளத்தில் போட்டுக்கொண்டே போனார்கள். பெருந்தொற்று வந்து மைதானம் காலியானதும், 2020 அக்டோபரில் சிலருக்குச் சம்பளத்தைப் பிந்தைய ஆண்டுகளுக்குத் தள்ளி, அதற்காக ஒப்பந்தத்தையே நீட்டினார்கள். இன்றைய சுமையை நாளையின் தலையில் வைத்தார்கள். நாளை வந்தது. 2021 ஆகஸ்டில் தலைவர் லாபோர்தா சொன்ன கணக்கு: கடன் 135 கோடி யூரோ, சம்பளச் செலவு வருமானத்தில் 103 விழுக்காடு. வருவதற்கு மேல் சம்பளமே போகிறது!

அந்த மாதம் மெஸ்ஸி போனார். 13 வயதில் அர்ஜென்டினாவிலிருந்து வந்த பையன். 2000 டிசம்பரில் ஓர் உணவகத்துக் காகிதக் கைத்துடைப்பில் எழுதிக் கையெழுத்திட்டு அவனுக்கு முதல் உறுதி கொடுத்தார் கார்லஸ் ரெஷாக். 2021-இல் மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கும் தங்கச் சம்மதித்தார். ஆனால் லீகின் சம்பள வரம்புக்குள் அவரைப் பதிவு செய்ய இடமில்லை. 2021 ஆகஸ்ட் 8 அன்று மேடையில் நின்று அவர் அழுததை நீங்களும் பார்த்தீர்கள். அவரை எந்தக் கழகமும் விலை கொடுத்துப் பறிக்கவில்லை. மற்றவர்களின் காகிதங்கள் அவருடைய காகிதத்துக்கு இடம் விடவில்லை.

பார்சிலோனா எழுந்தது எப்படி? எதிர்கால வருமானத்தை விற்றார்கள்; தொலைக்காட்சி உரிமையில் 25 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது எனக்கு உவப்பானதில்லை. அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. ஓல்மோவின் பதிவுகூட 2025 தொடக்கத்தில் சிக்கலில் விழுந்து, அரசின் விளையாட்டு மன்றம் தலையிட்ட பிறகே தற்காலிகமாக மீண்டது. ஆனால் கீழே, பயிற்சி மைதானத்தில், வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. லாஸ் பால்மாஸிலிருந்து 50 லட்சம் யூரோ அடிப்படை விலையில் வந்த பெட்ரி. அகாடமியில் இருந்து காவி. கூபார்சி. 2023 ஏப்ரலில் 15 வயதில் முதல் அணிக்கு ஆடிய லமீன் யமால். பெரும் விலை கொடுக்க வழியில்லாத காலத்தில்தான் கழகம் தன் வீட்டு முற்றத்தைத் திரும்பிப் பார்த்தது. 2025 லீக் பட்டம் இந்தப் பிள்ளைகளின் காலில் வந்தது.

இந்த முறை காகிதத்தை மறந்தார்களா? பெட்ரிக்கும் காவிக்கும் 2030 வரை. கூபார்சிக்கு 2029 வரை. 18 வயதுக்கு உட்பட்டவர் மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்பது ஃபிஃபா விதி. யமாலுக்கு 18 நெருங்கியதும், 2025 மே மாதமே 2031 வரை கையெழுத்து. விடுவிப்புத் தொகை 100 கோடி யூரோ. நெய்மார் தந்த பாடம் அந்த எண்ணில் இருக்கிறது.

கடைசியாக உங்களை ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டின் பில்பாவோவுக்கு அழைத்துப் போகிறேன். நான் மிகவும் மதிக்கும் கழகம் அங்கே இருக்கிறது. அத்லெடிக். பாஸ்க் மண்ணில் பிறந்தவர், அல்லது அந்த மண்ணின் கழகங்களில் வளர்ந்தவர் மட்டுமே அங்கே ஆடலாம். நூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். எழுதிவைத்த சட்டத்தைவிட இறுக்கமாகக் காக்கப்படும் வழக்கம். உலகச் சந்தையே அவர்களுக்கு மூடியிருக்கிறது. அப்படிப்பட்ட கழகம் முதல் பிரிவிலிருந்து ஒரு முறையாவது கீழே இறங்கியிருக்க வேண்டுமே? இல்லை. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக், இந்த மூன்றுதான் ஸ்பெயினில் ஒருபோதும் இறங்காதவை.

எப்படி முடிகிறது? 1971-இல் திறந்த லெசாமா பயிற்சிக் களம் ஒரு காரணம். காகிதத்தில் அவர்கள் காட்டும் பிடிவாதம் இன்னொரு காரணம். அவர்களுக்கு ஒரு வீரர் போனால் பதிலுக்கு வாங்க ஆள் கிடையாது. அதனால் ஒப்பந்தம் அவர்களுக்கு உயிர். பயர்ன் ஹாவி மார்ட்டினெஸைக் கேட்டபோது பேரம் பேசவில்லை. காகிதத்தில் எழுதிய 4 கோடியைக் கட்டு என்றார்கள், கட்டினார்கள். கோல்கீப்பர் கெப்பாவை 2018 ஜனவரியில் ரியல் மாட்ரிட் நெருங்கியது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அத்லெடிக் உட்கார்ந்து பேசி அவரைப் புதுப்பிக்க வைத்தது, விடுவிப்புத் தொகையை 8 கோடியாக உயர்த்தியது. ஏழு மாதத்தில் செல்சி அந்த 8 கோடியை எண்ணி வைத்தது, ஒரு கோல்கீப்பருக்கு உலகம் கண்டிராத விலை. அந்த ஜனவரியில் கையெழுத்து வாங்கியிராவிட்டால் கெப்பா அற்பத் தொகைக்கோ, கோடையில் சும்மாவோ போயிருப்பார். அவர்களும் தவறியதுண்டு. ஃபெர்னாண்டோ யொரென்டே புதுப்பிக்க மறுத்து, 2013-இல் இலவசமாக யுவென்டஸுக்குப் போனார். அந்த வடு அங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இப்போது இரண்டு சகோதரர்கள். இன்யாக்கி வில்லியம்ஸ், நிக்கோ வில்லியம்ஸ். கானாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயின் வந்த பெற்றோரின் பிள்ளைகள். இன்யாக்கி பில்பாவோவில் பிறந்தவர், நிக்கோ பக்கத்து நவாரில் பிறந்தவர். இருவரும் லெசாமா வழியாக வந்தவர்கள். 2019-இல் இன்யாக்கியோடு கழகம் போட்ட ஒப்பந்தம் ஒன்பது ஆண்டு. 2028 வரை! சந்தையே இல்லாத கழகம் தன் மனிதரோடு அப்படி உடன்பட்டது. அவர் அதை எப்படிக் காத்தார்? லீகில் தொடர்ந்து 251 ஆட்டங்கள், ஒன்றுகூடத் தவறாமல் ஆடினார். 2024 ஏப்ரல் 6 அன்று செவில்லாவில் மயோர்க்காவைப் பெனால்ட்டியில் வென்று அத்லெடிக் கிங்ஸ் கோப்பையை எடுத்தது. 1984-க்குப் பின் முதல் முறை. நெர்வியோன் ஆற்றில் பழைய சரக்குப் படகில் கோப்பையோடு வீரர்கள் வர, கரை முழுவதும் ஊர் கூடி நின்றது.

நிக்கோவை அதன் பிறகு ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் விரும்பின. இரண்டு கோடைகளில் பார்சிலோனா வலை வீசியது. 2025 ஜூலையில் அவர் அத்லெடிக்கோடு கையெழுத்திட்டார். எந்த ஆண்டு வரை? 2035 வரை. விடுவிப்புத் தொகையைப் பாதிக்கு மேல் உயர்த்தியும் எழுதினார்கள்.

நண்பர்களே, ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் மட்டும் மிச்சமுள்ள வீரர், வேறு கழகத்தோடு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளலாம் என்பது விதி. ஐரோப்பாவில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-இல் முடிகின்றன. ஆகவே ஜனவரி முதல் தேதி வரும்போது, உங்களுக்குப் பிடித்த கழகத்தில் அந்த ஆறு மாதக் கோட்டுக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் அந்தச் சட்டையை யார் போட்டிருக்க மாட்டார்கள் என்பது அன்றே உங்களுக்குத் தெரிந்துவிடும்.